இரண்டு பாங்குக்கு நடுவில் ஒரு கோல்

ஊரில் இரண்டு பக்கத்தாருக்கும் நல்லவனாக இருப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடும், ஒரே பின்னேரத்தில் அதை மொத்தமாகத் தொலைத்த விதமும்தான் இந்தக் கதை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டிக்குப் போகும் பாதையில் கண்டக்குழிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். 'எங்கள் ஊர்' என்று நான் சொல்வதை அப்போது ஊரில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. நான் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்தேன். ஓலைக் கொட்டில் கல் வீடாகி, அகதி முகாம் தெருவாகி, தெருவுக்குப் பெயர்ப் பலகை வந்த பிறகும் நாங்கள் 'முகாம் ஆக்கள்'தான். பதிலுக்கு ஊரின் பழைய குடிகளை நாங்கள் 'டவுன் ஆக்கள்' என்போம். (டவுன் என்றால் இரண்டு பலசரக்குக் கடை, ஒரு பேக்கரி. எங்களுக்கு அதுவும் இல்லாததால் அது டவுன்.)

டவுனுக்கு ஒரு பள்ளிவாசல், எங்களுக்கு ஒன்று. டவுனுக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம், எங்களுக்கு ஒன்று. சுற்றுவட்டாரத்துச் சின்னக் கழகங்களையும் சேர்த்து ஒரு லீக் இருந்தது. எங்கள் கழகத்துக்குத் தலைவர் என் வாப்பா. வள்ளங்களுக்கு ஐஸ் விற்பவர். அதிகம் கதைக்க மாட்டார். டவுன் கழகத்துக்குத் தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியார். பெரிய கருவாட்டு வாடிக்காரர், கரையில் மீன் காயப்போட்டு விற்பவர். அவர் கதைப்பதைக் கடலில் நிற்கிறவர்களும் கேட்கலாம். அந்த ஹாஜியாரின் மகள் பாஹிமாவுக்கும் எனக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. டவுனும் முகாமும் சம்பந்தம் வைக்கப்போவது அதுதான் முதல் தடவை.

ஆகவே நான் ஒரு பக்கத்துக்கு மகன், மறு பக்கத்துக்கு மருமகன். இதைவிட நடுநிலையான ஆள் எங்கே கிடைக்கும் என்று லீக் என்னை உதவிச் செயலாளராகவும், ஆட்டத்தில் விசில் ஊதும் மத்தியஸ்தராகவும் ஆக்கியது. உதைபந்தாட்டச் சட்டங்களை நான் பாடமாக்கி வைத்திருந்தேன். கறுப்புக் காற்சட்டை போட்டு விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சாமான் வாங்கக்கூடப் போயிருக்கிறேன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் பாணை வெட்டிவிட்டு, "இது ஒப்சைட் இல்லத்தானே?" என்று கேட்பார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் லீக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் விளக்கு இல்லை. பின்னேரத் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். கழகத் தலைவர்கள் பேசி முடித்து, கோல் கம்பத்தடியில் மேயும் கழுதைகளை விரட்டி முடிக்கவே நேரம் போய்விடும். ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 'மஃரிப் பாங்குடன் ஆட்டம் முடியும்', அதாவது அந்தித் தொழுகைக்கு அழைக்கும் குரலோடு, என்பதுதான் லீக்கின் சட்டம். எந்தப் பள்ளிவாசலின் பாங்கு என்று சட்டத்தில் இல்லை, ஏனென்றால் அந்தச் சட்டத்தைப் போட்ட காலத்தில் ஊரில் ஒரே பள்ளிவாசல்தான் இருந்தது.

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் பார்த்து, நேரம் வந்ததும் பாங்கு சொல்லிவிடுவார். டவுன் பள்ளி மோதினார் பேணுதலான மனிதர். அட்டவணையை நம்ப மாட்டார். மாடியில் ஏறி, சூரியன் கடலுக்குள் முழுசாகப் போனதைத் தன் கண்ணால் பார்த்து, இறங்கி வந்து, தாடியைத் தடவி, அதன் பிறகுதான் தொடங்குவார். எங்கள் பாங்கு முடிந்து அவர் தொடங்குவதற்குள் ஒரு பிளேன்டீ குடிக்கலாம். அந்த இடைவெளி அதுவரை ஒருவருக்கும் உபத்திரவம் செய்ததில்லை.

அந்த வருடம் லீக்கின் பித்தளைக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம் டவுனுக்கும் முகாமுக்கும். ஆளுக்கு ஒரு கோல். இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் எங்கள் பள்ளியில் பாங்கு தொடங்கியது.

எங்கள் கோல் காப்பாளர் அஸ்வர் பந்தைக் கையில் வைத்திருந்தான். ஆட்டம் முடிந்தது என்று அவன் பந்தைக் கீழே வைத்தான். கையுறைகளைக் கழற்றிக் கம்பத்தடியில் போட்டான். இடுப்பில் செருகியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்யத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தான். முகாம் ஆட்டக்காரர் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். டவுன் ஆட்டக்காரருக்கோ இன்னும் பாங்கு சொல்லவில்லை. அவர்களில் ஒருவன் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் ஓடி வந்து, தரையில் கிடந்த பந்தை ஆளில்லாத கோலுக்குள் தட்டிவிட்டான். பந்து வலையில் பட்ட கையோடு டவுன் பள்ளிப் பாங்கு தொடங்கியது.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊதவில்லை. பாங்கு சொல்லும்போது விசில் ஊதுவதா? உம்மா என்னை வளர்த்த வளர்ப்பில் பாங்கு நேரத்தில் தும்முவதுகூடக் கொஞ்சம் யோசித்துத்தான். முதல் பாங்கு முடிந்ததும் ஊதலாம் என்று இருந்தேன். முடிந்து, ஊதினால் டவுன் கோவிக்குமே என்று தயங்குவதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. பிறகு இரண்டாவது பாங்கு. அதற்கும் மரியாதையாக நின்றேன். அந்த நேரத்தில் ஒரு நல்ல தீர்ப்பை யோசித்திருக்கலாம். நான் பாடமாக்கிய சட்டத்தை மனசுக்குள் முதலில் இருந்து ஒப்புவித்தேன்.

இரண்டும் முடிந்து, மைதானமே என்னைச் சுற்றி நின்றபோது, பாடமாக்கிய சட்டம் மட்டும் வாயில் வந்தது.

"விசில் ஊதல்ல. ஊதாட்டி ஆட்டம் முடியல்ல. அதால கோல்."

அன்றிரவு ஹாஜியார் சந்தோஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பொதி அறுக்குளாக் கருவாடு அனுப்பினார். வாப்பா அதை அவிழ்க்காமல் திருப்பி அனுப்பினார். உம்மா அந்தப் பொதி போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"கப்பக் கொண்டு போகட்டும் மகன். பித்தளைதானே. எங்கட பாங்குல ஆட்டம் முடியலண்டா, அப்ப எங்கட பாங்கு என்ன பாங்கு? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது இல்லை என்பது எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் இந்த மண்ணில் இருந்தும் எண்ணிக்கையில் சேராமல் இருக்கிறோமா என்று அவர் கேட்கிறார். அதுவும் சொந்த மகன் வாயால் அது நடந்தது.

முகாம் கழகம் தீர்ப்பை எதிர்த்து லீக்குக்கு மேன்முறையீடு செய்தது. உறுப்பினர்கள் கூடி வாக்கெடுப்பில் முடிவு செய்வதாக ஏற்பாடு. லீக்கில் டவுன் பக்கம் சாய்ந்த உறுப்பினர்களும் முகாம் பக்கம் சாய்ந்தவர்களும் சரிக்குச் சரி. மிஞ்சியது உதவிச் செயலாளரின் ஓட்டு ஒன்று. உதவிச் செயலாளர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் பாஹிமா எனக்கு டெலிபோன் எடுத்தாள். கலியாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் கதைப்பது யாருக்கும் தெரியாது. (எல்லோருக்கும் தெரியும்.)

"கேளுங்க. என்ட வாப்பா கோவிச்சா கலியாணம் நிண்டுபோகும். ஒங்கட வாப்பா கோவிச்சா ஒங்களுக்கு வீடே இல்ல. அதால நாளைக்கு நீங்க வாயும் தொறக்க வாணாம், கையும் தூக்க வாணாம்."

"நான் கை தூக்க மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஒங்களுக்குக் கை சும்மா இருக்காது. அதத்தான் பயப்புடுறன்" என்றாள். என்னைப் பற்றி என் மனைவிக்குக் கலியாணத்துக்கு முன்பே நல்ல தெளிவு இருந்தது.

கூட்டம் மீனவர் சங்க மண்டபத்தில், அஸருக்குப் பிறகு. லீக் தலைவருக்கு அன்று பார்த்து இடுப்பை அசைக்க முடியாத நாரிப்பிடிப்பு வந்துவிட்டது. (இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.) அவருக்குப் பதிலாகக் கூட்டத்தை நடத்தச் சிலாபத்தில் இருந்து அன்டன் சேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். சிங்களமும் தமிழும் கலந்து ஆறுதலாகக் கதைப்பவர். இரண்டு பள்ளிவாசலுக்கும் சேராத மனிதர் என்பதால் இரண்டு பக்கமும் அவரை ஒத்துக்கொண்டது.

இடப்பக்கக் கதிரைகளில் டவுன், வலப்பக்கத்தில் முகாம். நான் பின்னால் தேநீர் மேசைக்குப் பக்கத்தில், நட்ட நடுவில் இருந்தேன். சொந்தத் தீர்ப்பைப் பற்றிய வாக்கெடுப்பில் மத்தியஸ்தர் ஓட்டுப் போடலாமா என்ற கேள்வி முதலில் வந்தது. கூடாது என்று சொல்வார்கள் என்று நம்பி இருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே குரலில் "போடலாம்" என்றது. டவுன் தன் மருமகனை நம்பியது, முகாம் தன் மகனை நம்பியது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு பேச்சு. ஹாஜியார் எழும்பி, சாரத்துக்கு மேல் கட்டிய பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அவருடைய மூத்தவாப்பா காலத்துப் பள்ளிவாசலில் தொடங்கினார். வாப்பா எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார், எனக்குச் சோறு தின்னும்போது கேட்ட அதே கேள்வி. அதற்கு யாரும் நேரே பதில் சொல்லாமல் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அன்டன் சேர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஹரி, ஹரி, சரி, போதும். மஃரிபுக்கு முந்தி முடிப்பம். அந்தக் கோல் தீர்ப்பு சரிண்டு சொல்றவங்க கை தூக்குங்க."

அவர் வாய் மூடவில்லை, எங்கள் பள்ளியில் பாங்கு தொடங்கியது.

மண்டபம் அடங்கியது. தூக்கப் போன டவுன் கைகள் மடிக்கு இறங்கின. அன்டன் சேரும் கையைக் கட்டித் தலையைக் குனிந்து நின்றார். பாங்கு முடிந்தது. முடிந்தால் என்ன செய்வோம்? சிறு வயதில் இருந்து செய்வதைத்தான் செய்வோம். பாங்குக்குப் பிறகு ஓதும் துஆவுக்காக முகாம் பக்கம் அத்தனை பேரும் இரண்டு கையையும் ஏந்தினார்கள்; டவுன் பக்கம் தங்கள் பாங்குக்காகக் காத்திருந்தது. என் கைகளும் தொடைக்கு அடியில் இருந்து தாமாகவே புறப்பட்டு வந்து ஏந்தி நின்றன.

நான் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது அன்டன் சேர் விரலை நீட்டி நீட்டி எண்ணி முடித்திருந்தார். கரும்பலகையில் எழுதினார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"அடுத்தது, அந்தத் தீர்ப்பு பிழைண்டு சொல்றவங்க" என்றார்.

டவுன் பள்ளியில் பாங்கு தொடங்கியது. மறுபடி மண்டபம் அடங்கியது. முடிந்ததும் டவுன் பக்கம் இரண்டு கையையும் ஏந்தியது. நானும் ஏந்தினேன். நாளைக்கு மருமகனாகப் போகிற ஊரின் பாங்குக்குக் கை ஏந்தாமல் இருப்பது எப்படி?

அன்டன் சேர் அதையும் எண்ணினார். பலகையில் எழுதிவிட்டு, சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"நல்லம். கோல் சரிண்டு முகாம் கழகம் ஒத்துக்கிட்டுது. கோல் பிழைண்டு டவுன் கழகம் ஒத்துக்கிட்டுது. ரெண்டும் சமம். எல்லாரும் ரெண்டு கையும் தூக்கினீங்க, நான் ரெண்டு கைக்கு ஒரு ஓட்டுத்தான் எடுத்தன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி மட்டும் ரெண்டு தரமும் தூக்கினார். அவர்ட ஓட்டு செல்லாது."

மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடந்தது என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் மெல்ல மெல்ல விளங்கியது.

முதலில் எழும்பியது ஹாஜியார். பெல்ட்டை மறுபடி இறுக்கினார்.

"நாங்க விட்டுக்குடுத்தது குடுத்ததுதான். எழுதிக்கொள்ளுங்க."

வாப்பா எழும்பினார். "இல்ல ஹாஜியார். முதல்ல விட்டுக்குடுத்தது நாங்க. பலகையப் பாருங்க."

"முதல் என்ன, ரெண்டாவது என்ன? மனசார விட்டது நாங்க."

"மனசார இல்லாமலா நாங்க விட்டம்?"

அதுவரை கோலுக்காகச் சண்டை பிடித்தவர்கள் இப்போது விட்டுக்கொடுத்ததற்காகச் சண்டை பிடித்தார்கள். அப்படியே விட்டிருந்தால் காரியம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த மண்டபத்தில் சட்டம் படித்த மத்தியஸ்தர் ஒருவன் இருந்தான். பாஹிமா வாய் திறக்க வேண்டாம் என்று சொன்னதை மறந்து, பொதுநலன் கருதி எழும்பினேன்.

"மன்னிக்கணும். எல்லாரும் பிழையா விளங்கிட்டீங்க. அது ஓட்டு இல்ல. பாங்கு துஆ."

என் வாழ்க்கையில் அவ்வளவு கண்கள் ஒரே நேரத்தில் என்னை வெறுத்ததில்லை. ஹாஜியார் மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப, அல்லாஹ்ட்டக் கேட்ட துஆவ வாபஸ் எடுக்கச் சொல்றீங்களா, மருமகன்?"

"இரு மகன்" என்றார் வாப்பா.

இரண்டு சம்பந்திகளும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் கதிரையில் இருந்தேன். கைகளை மறுபடி தொடைக்குக் கீழே வைத்தேன். இனி அதில் பிரயோசனம் இல்லைதான்.

என்னை அடக்கிய வேகத்தில் ஹாஜியாருக்குச் சூடு தணிந்துவிட்டது. வாப்பாவிடம் திரும்பி, "கதைய எங்க நிப்பாட்டினம்? ஓம், முதல்ல கை தூக்கினது நீங்கதான். ஏன் முதல்? ஒங்கட பாங்கு முந்திச் சொன்னது, அதால முதல். ஒங்கட பாங்கு முந்தியதுண்டு இந்த ஊருக்கே தெரியும். அத ஆரு இல்லண்டது?" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. மண்டபத்துக்கும் கேட்டது. வாப்பா தன் கதிரையில் உட்கார்ந்தார்.

"அது போதும் ஹாஜியார். எனக்கு அதுதான் வேணும். கோல நீங்களே வெச்சிக்கோங்க."

ஹாஜியார் பெல்ட்டைத் தொட்டார், ஆனால் இறுக்கவில்லை. நல்ல வேளையாக அந்த நேரம் அஸ்வர் வாசலில் வந்து நின்று, "இகாமத் சொல்லப் போறாங்க, தொழுக தொடங்கப்போகுது" என்றான். எல்லோரும் எழும்பி ஓடினார்கள். மண்டபத்துக்குப் பக்கம் எங்கள் பள்ளிதான். டவுன் பள்ளிக்குப் போக நேரம் இல்லை. அன்றுதான் ஹாஜியார் எங்கள் பள்ளிக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தார். தொழுது வெளியே வரும்போது அவருடைய செருப்பைக் காணவில்லை. வாப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்குத் திரும்பினார். வாப்பா வெறுங்காலோடு பக்கத்தில் நடந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, வெளியே காட்டப் பயந்தேன்.

தொழுகைக்குப் பிறகு கூட்டம் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. கிண்ணம் ஆறு மாதம் டவுனில், ஆறு மாதம் முகாமில். இனிமேல் எந்தப் பள்ளிவாசலில் முதலில் பாங்கு கேட்கிறதோ, அதோடு ஆட்டம் முடியும். வேறு விஷயம் உண்டா என்று அன்டன் சேர் கேட்டார். ஹாஜியார் எழும்பினார். தன் மருமகன் இனி ஆயுசுக்கும் விசில் பிடிக்கக் கூடாது என்று பிரேரணை கொண்டுவந்தார். அதை வழிமொழிந்தது வாப்பா. ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னதும் மண்டபம் முழுக்கக் கை தூக்கியது. சபையோடு ஒத்துப்போவோம் என்று நானும் தூக்கினேன். எங்கள் லீக்கில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

கலியாணம் சொன்ன மாதத்தில் நடந்தது. அன்டன் சேரும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னை வாழ்த்த வந்தவர், காதுப் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நான் சிலாபத்துல பொறந்து வளர்ந்தவன். எங்கட பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. துஆவுக்குக் கை ஏந்துறது எது, ஓட்டுக்குக் கை தூக்குறது எதுண்டு எனக்குத் தெரியாதுண்டா நெனச்சீங்க?"

நான் மாலையும் தொப்பியுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இந்தப் பெரிய ரகசியத்தை முதலில் பாஹிமாவிடம்தான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஊருக்கே தெரியுமே. வாப்பா அண்டைக்கே வீட்ட வந்து சொன்னார். ஒங்கட வாப்பாவுக்கும் தெரியும். அந்த மண்டபத்துல தெரியாத ஒரே ஆள்தான் எழும்பி விளக்கம் சொன்னார்."

இப்போது வருடத்தில் இரண்டு தடவை அந்தப் பித்தளைக் கிண்ணத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு வீட்டில் இருந்து மறு வீட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. பெருநாள் வந்தால் பகல் சாப்பாடு எந்த வீட்டில் என்ற பிரச்சினை வரும். பாஹிமா கூட்டம் கூட்டி, "ஒங்கட உம்மா வீடுண்டு சொல்றவங்க கை தூக்குங்க" என்பாள். நான் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தூக்குவேன். எண்ணுவது எங்கள் மகள். அவள் விரலை நீட்டி நீட்டி எண்ணி முடித்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள்.

"ரெண்டு கைக்கு ஒரு ஓட்டுத்தான் வாப்பா. அதுவும் ஒங்கட ஓட்டு செல்லாது."